பூனையோடு விமானம் ஏறுவது

பூனையோடு விமானம் ஏறப்போகிறேன் என்று சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "மேலே போனதும் கத்தி எல்லோரையும் எழுப்பிவிடுமே, என்ன செய்வாய்?" எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் என் பூனை சிட்டுவைக் கூட்டிக்கொண்டு பறந்த பிறகு சொல்கிறேன், விமானம் வானத்தில் இருக்கும் நேரம்தான் இந்தப் பயணத்திலேயே பூனைக்குச் சுலபமான பகுதி. சத்தம் ஒரே சீராக இருக்கும். யாரும் தூக்க மாட்டார்கள், இடம் மாற்ற மாட்டார்கள். இருட்டான ஒரு மூலை, பழகிய வாசனை, பக்கத்தில் தெரிந்த ஆள், இவ்வளவு இருந்தால் பூனை சமாளித்துக்கொள்ளும். கஷ்டமெல்லாம் வீட்டு வாசலுக்கும் விமானத்தின் கதவுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் உழைப்பையும் அங்கேதான் போட வேண்டும்.

சிட்டு கூச்ச சுபாவம் உள்ளவள். வீட்டுக்குப் புது ஆள் வந்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள், அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வருவாள். வேலை காரணமாக நான் நாடு மாற வேண்டி வந்தபோது, அவளை யாரிடமாவது விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. விமானத்தின் அடியில் சரக்கு ஏற்றும் கார்கோவா, நாம் உட்காரும் கேபினா என்பதுதான் கேள்வி. கார்கோ என்றாலே கொடுமை என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. விலங்குகளை ஏற்றும் பகுதியிலும் காற்றழுத்தமும் வெப்பநிலையும் கட்டுப்பாட்டில்தான் இருக்கும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, கூண்டின் அளவிலிருந்து காற்றோட்டம்வரை விதி வகுத்து வைத்திருக்கிறது. பெரிய நாய்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் ஏற்றுவதற்கு முன்னும் இறக்கிய பின்னும் கூண்டு காத்திருக்கும் நேரம், முன்பின் தெரியாத கைகள், வெயில், வண்டிகளின் இரைச்சல், இதெல்லாம் சிட்டு மாதிரிப் பூனைக்கு மிக அதிகம். பெர்சியன், ஹிமாலயன் போன்ற சப்பை மூக்குப் பூனைகளை மூச்சுத்திணறல் ஆபத்து காரணமாகப் பல நிறுவனங்கள் கார்கோவில் ஏற்றுவதே இல்லை. இருக்கைக்கு அடியில் அடங்கும் அளவுக்குப் பூனை சிறியது. அந்த வசதியை விடுவானேன் என்று கேபினையே தேர்ந்தெடுத்தேன்.

நினைத்தவுடன் கேபின் கிடைத்துவிடாது. முதலில் பார்க்க வேண்டியது போகிற நாட்டின் சட்டம். விமானத்தில் பிரிட்டனுக்குள் வரும் நாயும் பூனையும் கார்கோவாகத்தான் வர முடியும், உதவி நாய்களுக்கு மட்டும்தான் விலக்கு. அதனால் பூனையை விட்டுப் பிரிய மனமில்லாதவர்கள் பாரிஸுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ கேபினில் பறந்து, அங்கிருந்து காரை ஏற்றிச் செல்லும் ரயிலிலோ கப்பலிலோ ஆங்கிலக் கால்வாயைக் கடக்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகும் விமானங்களிலும் வளர்ப்புப் பூனைக்குக் கேபினில் இடமில்லை. பெரும்பாலான நாடுகளிலிருந்து அங்கே போய் இறங்கினாலும் அரசு அங்கீகரித்த தனிமைக் காப்பகத்தில் சில நாள் இருந்தாக வேண்டும்.

அடுத்தது நிறுவனத்தின் விதி. ஒரே நிறுவனம் ஒரு வழித்தடத்தில் ஏற்றும், இன்னொன்றில் ஏற்றாது. டிக்கெட்டில் ஒரு பெயர் இருக்கும், பறப்பது வேறு நிறுவனத்தின் விமானமாக இருக்கும். அப்போது பறக்கிற நிறுவனத்தின் விதிதான் செல்லும். நடுவில் விமானம் மாறினால் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு விமானத்தின் கேபினில் இத்தனை பிராணிகள்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நாம் டிக்கெட் வாங்கும் முன்பே அது நிரம்பியிருக்கலாம். நான் செய்தது இதுதான்: முதலில் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்தத் தேதியில், இந்த விமானத்தில் பூனைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றதும் அந்த அழைப்பிலேயே எனக்கும் அவளுக்கும் சேர்த்துப் பதிவு செய்யச் சொன்னேன். பூனையின் எடை, பையின் அளவு எல்லாம் குறிப்பிட்டு மின்னஞ்சலில் உறுதி வாங்கினேன். அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தது செக்-இன் கவுண்டரில் உதவியது. அங்கே இருந்தவருக்குக் கேபினில் பூனை போகலாம் என்பதே தெரியவில்லை. தாளைக் காட்டிய பிறகுதான் மேலதிகாரியைக் கேட்டுவிட்டுச் சரி என்றார்.

எடை விஷயத்தில் ஏமாற்ற நினைக்க வேண்டாம். லுஃப்தான்ஸா, ஏர் பிரான்ஸ், கே.எல்.எம். போன்ற பல நிறுவனங்களில் பையோடு சேர்த்து 8 கிலோ என்பது கணக்கு. பை மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் வரும், அப்படியானால் பூனைக்கு மிஞ்சுவது ஆறரைக் கிலோ சொச்சம்தான். 2019 நவம்பரில் ரஷ்யாவில் ஒருவர், தன் பூனை விக்டர் 10 கிலோ இருந்ததால் கேபினில் ஏற்ற மறுத்துவிட்டார்கள் என்று, பிறகு எடை போடும்போது மட்டும் வேறொரு ஒல்லிப் பூனையைக் காட்டிவிட்டு விக்டரோடு விமானம் ஏறிவிட்டார். அதை அவரே படத்தோடு வெளியிட, ஏரோஃப்ளோட் விமான நிறுவனம் அவருடைய பயணப் புள்ளிகளை எல்லாம் பறித்துவிட்டது. எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை, பூனையைக் கார்கோவில் விட மனம் வராதது புரிகிறது. ஆனாலும் குண்டுப் பூனை வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் முன்பே டாக்டரைக் கேட்டு மெதுவாக எடையைக் குறைப்பதுதான் வழி. திடீரென்று பட்டினி போட்டால் பூனையின் ஈரல் கெட்டுவிடும்.

ஆவணங்களில் வரிசை மிக முக்கியம். முதலில் மைக்ரோசிப், அதாவது தோலுக்கு அடியில் வைக்கும், அடையாள எண் உள்ள சின்னச் சில்லு. அதற்குப் பிறகு ரேபிஸ் என்ற வெறிநோய்க்கான தடுப்பூசி. இது மாறக்கூடாது. சிப் எண்ணோடு சேர்த்துப் பதிவானால்தான் ஊசி இந்தப் பூனைக்குத்தான் போடப்பட்டது என்று பல நாடுகள் ஒப்புக்கொள்ளும். சிப் இல்லாதபோது போட்ட ஊசி கணக்கில் வராது, திரும்பப் போட வேண்டும். சிப்பும் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 11784, 11785 தரத்தில் உள்ள 15 இலக்க எண்ணாக இருந்தால் எல்லா இடத்துக் கருவியும் படிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். குட்டிக்கு 12 வாரமாவது ஆன பிறகுதான் ரேபிஸ் ஊசி, முதல் ஊசிக்கு 21 நாள் கழித்துத்தான் அது செல்லும். அவர்களுடைய பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு படி உண்டு. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். அதற்குப் பிறகும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஜப்பானில் இந்தக் காத்திருப்பு 180 நாள், சில நாடுகளுக்கு மட்டும்தான் அதில் விலக்கு. கடைசியாக, கிளம்புவதற்குச் சில நாள் முன்பு அரசு கால்நடை அதிகாரியின் உடல்நலச் சான்றிதழ். ஐரோப்பாவுக்கு அது 10 நாள்தான் செல்லும். ஆக, பூனையைக் கூட்டிக்கொண்டு நாடு விட்டு நாடு போகிற எண்ணம் லேசாக இருந்தாலும் இன்றைக்கே சிப் போட்டுவிடுங்கள். பயணம் நடக்காவிட்டாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இனி நான் அதிகம் பேச விரும்புவது பையைப் பற்றி.

பெரும்பாலான பூனைகளுக்குப் பை என்றால் ஆஸ்பத்திரி. அலமாரியிலிருந்து அது இறங்கினாலே ஓடி ஒளிந்துகொள்ளும். அந்தப் பையில் போட்டு மணிக்கணக்கில் உட்கார வைத்தால் கத்தாமல் என்ன செய்யும்? அதனால் பழைய பையை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். துணிப் பை, மேலேயும் பக்கத்திலும் திறக்கிற மாதிரி, மூன்று பக்கம் வலை, அடியில் உறுதியான பலகை. இருக்கைக்கு அடியில் நுழையும்போது முதுகு கொஞ்சம் அமுங்கிக் கொடுக்க வேண்டும், அதனால் துணிப் பைதான் வசதி. ஆனால் பூனை உள்ளே எழுந்து நிற்கவும் முழுதாகத் திரும்பவும் முடிய வேண்டும், கவுண்டரிலும் அதைத்தான் பார்த்தார்கள். ஜிப்பின் கைப்பிடியை ஒன்றோடொன்று கோத்துப் பூட்டும் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பயந்த பூனை மூக்காலேயே ஜிப்பைத் தள்ளித் திறந்துவிடும்.

வாங்கியதும் பையை அவள் வழக்கமாகத் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் திறந்து வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே பிடித்துத் தள்ளவில்லை. நான் போட்டுக் கழற்றிய, துவைக்காத ஒரு பழைய சட்டையை உள்ளே விரித்தேன். முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பைக்குப் பக்கத்தில் வைத்து, சில நாள் கழித்து வாசலில் வைத்து, பிறகு உள்ளே கடைசிவரை தள்ளி வைத்தேன். ஒரு நாள் மதியம் தானாகவே உள்ளே போய்ச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி விமான டிக்கெட் உறுதியானபோதுகூட வரவில்லை.

அதோடு முடியவில்லை. ஜிப்பை மூடி உடனே திறப்பது, மூடி ஒரு தின்பண்டம் கொடுத்துத் திறப்பது, மூடித் தூக்கி அறைக்குள் நடப்பது, வாசல்வரை போய்த் திரும்புவது, காரில் ஏறி எஞ்சினை மட்டும் ஓடவிட்டு இறங்குவது, தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவது. இப்படி ஒவ்வொரு படியையும் அவள் பதற்றமில்லாமல் இருக்கும்போதுதான் தாண்டினேன். கத்த ஆரம்பித்தால் முந்தின படிக்குப் போய்விடுவோம். இதை ஒரு வாரத்தில் முடிக்க முடியாது. இரண்டு மாதமாவது கையில் இருப்பது நல்லது, ஆவணங்களுக்குப் பல நேரம் அதைவிட அதிக நாள் ஆகும். வேக்யூம் கிளீனர் ஓடும்போது அடுத்த அறையில் பையோடு அவளை உட்கார வைத்தேன், எஞ்சின் சத்தத்தைத் தொலைபேசியில் மெதுவாகப் போட்டுவிட்டேன். அது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பையில் பழகியதுதான் உதவியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கூடவே ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றிக் கட்டும் வார்ப்பட்டை. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், கழுத்துப் பட்டை போதும் என்று நினைக்கிறார்கள். பூனை பின்பக்கமாக இழுத்தால் பட்டை தலைவழியாகக் கழன்றுவிடும். மார்பைச் சுற்றி இரண்டு இடத்தில் பிடிக்கிற ஹார்னஸ் வேண்டும், அதுவும் இரண்டு விரல் மட்டும் நுழையும் இறுக்கத்தில். முதல் முறை போட்டபோது சிட்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டாள். பல பூனைகள் அப்படித்தான் செய்யும். போட்டு உடனே சாப்பாடு கொடுத்துப் பழக்கினால் கொஞ்ச நாளில் மறந்துவிடும்.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தூக்க மாத்திரை கொடுத்துவிடு என்று சுலபமாகச் சொல்பவர்கள் அதிகம். மயங்கிக் கிடப்பது வேறு, பதற்றம் தணிவது வேறு. ஏசிப்ரோமசின் போன்ற பழைய மயக்க மருந்துகள் ரத்த அழுத்தத்தை இறக்கும், உடம்பு தன் சூட்டைச் சமாளிக்கும் சக்தியைக் குறைக்கும். உடம்பு அசையாது, பயம் அப்படியே இருக்கும். விமானப் பயணத்துக்கு மயக்க மருந்து வேண்டாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் சொல்கிறது. மயங்கிய நிலையில் கொண்டு வந்தால் ஏற்ற மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. இப்போது டாக்டர்கள் பூனைக்கு அதிகம் எழுதுவது கபாபென்டின். பயணத்துக்குச் சில மணி நேரம் முன்பு கொடுத்தால் பதற்றம் குறையும், லேசாகத் தூக்கம் வரும், மூச்சையும் இதயத்தையும் அதிகம் தொடாது. பூனைகளின் பயணப் பயத்துக்கென்றே பிரீகாபலின் மருந்துக்கு 2021ல் ஐரோப்பாவிலும் 2023ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. எதுவானாலும் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவே மாறும். அவர் சொன்ன அளவை, பயணமில்லாத ஒரு நாளில் வீட்டில் கொடுத்துப் பாருங்கள். சிட்டுவுக்கு அன்று நடை கொஞ்சம் தள்ளாடியது. அதை வீட்டில் பார்த்திருந்ததால் பயண நாளில் நான் பயப்படவில்லை. காரில் வாந்தி எடுக்கிற பூனையானால் அதற்குத் தனி மருந்து உண்டு, டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பூனை முகத்தைத் தேய்க்கும்போது விடுகிற வாசனையைப் போலச் செய்த பெரோமோன் ஸ்பிரேயையும் பையில் அடித்தேன், அடித்ததும் பூனையை உள்ளே விடாமல் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும், அதில் உள்ள ஆல்கஹால் நெடி போகட்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பு கொஞ்சமாக ஒரு வேளை கொடுத்தேன், அதோடு சரி. தண்ணீரை நிறுத்தக் கூடாது. வளர்ந்த, ஆரோக்கியமான பூனைக்கு அரை நாள் பட்டினி ஒன்றும் செய்யாது, வயிறு காலியாக இருந்தால் வாந்தியும் கழிச்சலும் குறையும். குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ள பூனைகளுக்கும் இது பொருந்தாது. கிளம்பும் முன் மணல் தொட்டியில் போய்விட்டால் நல்லது, போகாவிட்டாலும் கலங்க வேண்டாம். பூனை நீண்ட நேரம் அடக்கிக்கொள்ளும், அதுவும் புது இடத்தில் போகவே போகாது. பையின் அடியில் உறிஞ்சும் விரிப்பை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டேன், மேல் அடுக்கு நனைந்தால் உருவி எடுத்துவிடலாம் என்று. தோள் பையில் மீதி விரிப்பு, வாசனையில்லாத ஈரத் துணி, நனைந்ததை மூடிப் போடக் கெட்டியான பிளாஸ்டிக் உறைகள், மடக்குக் கிண்ணம், எனக்கு ஒரு மாற்றுச் சட்டை. ஈர உணவும் பேஸ்ட் மாதிரியான தின்பண்டமும் சோதனையில் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் பல விமான நிலையங்களில் வாங்கிப் போட்டுவிடுவார்கள். சின்னப் பாக்கெட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

செக்யூரிட்டிதான் எனக்கு வீட்டிலேயே வயிற்றைக் கலக்கிய இடம். பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும், பூனை போகக்கூடாது. அதாவது, ஆயிரம் பேர் நடக்கிற, பெட்டிகள் தடதடவென்று உருள்கிற ஒரு கூடத்தின் நடுவில் பூனையை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு உலோகச் சோதனை வாசலைத் தாண்ட வேண்டும். பூனை அங்கே கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் என் மனதில் இருந்தது. 2011 ஆகஸ்டில் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் ஜாக் என்ற பூனை தன் கூண்டிலிருந்து தப்பியது. அது கார்கோவில் போக இருந்த பூனை. இரண்டு மாதம் தேடினார்கள். அக்டோபர் கடைசியில், அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு கூரைப் பலகை வழியாகக் கீழே விழுந்தது. உடம்பு மிகவும் கெட்டிருந்ததால் காப்பாற்ற முடியவில்லை. பூனை ஓடினால் மேலே ஏறும், சந்துக்குள் போகும், கூப்பிட்டால் வராது. விமான நிலையம் முழுக்க அப்படிப்பட்ட சந்துகள்தான்.

இதற்கு வழி இருக்கிறது. தனி அறையில் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். பல விமான நிலையங்களில் இது உண்டு, கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். வரிசையின் தொடக்கத்திலேயே, பையைத் திறக்கும் முன்பே சொல்ல வேண்டும். நான் போன ஓரிடத்தில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றவர், பூனையோடு பையை அப்படியே இயந்திரத்தில் வையுங்கள், ஒன்றும் ஆகாது என்றார். வைக்க மாட்டேன், உள்ளே உயிர் இருக்கிறது, உங்கள் மேலதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று குரலை உயர்த்தாமல் திரும்பத் திரும்பச் சொன்னேன். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது, சிலர் முணுமுணுத்தார்கள். அந்த இடத்தில் வெட்கப்பட்டு விட்டுக்கொடுக்காதீர்கள். மேலதிகாரி வந்தார், ஓர் அறைக்குக் கூட்டிப் போனார், கதவைச் சாத்தினார். பையைக் கொண்டுபோய்ச் சோதித்து வரும்வரை சிட்டுவை ஒரு துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டேன், ஹார்னஸின் கயிறு என் மணிக்கட்டில் இரண்டு சுற்று. அவளுடைய இதயம் அடித்துக்கொள்வது என் கைக்குத் தெரிந்தது. பை திரும்பி வந்து தரையில் வைத்ததும், நான் பிடித்து விட வேண்டிய தேவையே இல்லாமல், என் கையிலிருந்து வழுக்கி இறங்கி நேராக உள்ளே போய் முகத்தைச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டாள். அத்தனை வாரம் கிண்ணத்தை அங்குலம் அங்குலமாகத் தள்ளியதெல்லாம் அந்த ஒரு நொடிக்குத்தான்.

தனி அறை கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? ஹார்னஸ் போட்ட பூனையைத் துண்டில் சுற்றி, ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்னங்கால்களுக்கு அடியில் வைத்து, முகத்தை உங்கள் கக்கத்துப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஷூ, பெல்ட், தொலைபேசி எல்லாவற்றையும் முதலில் தட்டில் போட்டுவிட்டு, கடைசியாகத்தான் பூனையை வெளியே எடுக்க வேண்டும். ஹார்னஸில் உள்ள உலோக வளையத்தால் மணி அடித்தால் அதைக் கழற்றச் சொல்வார்கள், கழற்றாமல் கையால் தடவிச் சோதிக்கும்படி கேட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் கொக்கி உள்ள ஹார்னஸ் வாங்கினால் இந்தப் பேச்சே எழாது.

இருக்கையை முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரக் கதவு வரிசை கிடையாது, முன்னால் சுவர் உள்ள முதல் வரிசையிலும் பை வைக்க இடமில்லை. சில இருக்கைகளுக்கு அடியில் திரைக்கான மின்பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், விமானத்தின் வகையைச் சொல்லிக் கேட்டால் நிறுவனத்தில் சொல்வார்கள். நான் ஜன்னல் ஓரத்தை எடுத்தேன். நடக்கிறவர்களின் காலும் தள்ளுவண்டியும் பக்கத்தில் வராது, நடுவில் யாருக்கும் எழுந்து வழிவிட வேண்டாம். உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைக்காரரிடம் பூனை இருக்கிறது, உங்களுக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்டேன். பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கிற ஒரு புரதம்தான் ஒவ்வாமையை உண்டாக்குகிறது, முடியோடு சேர்ந்து அது பறக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது விளையாட்டு இல்லை. முதல்நாள் நன்றாகச் சீவிவிட்டு, கிளம்பும் முன் ஈரத் துணியால் துடைத்துவிட்டால் கொஞ்சம் குறையும். அவர் எனக்கு ஒன்றுமில்லை என்றார், பணிப்பெண்ணும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வாமை என்று சொல்லியிருந்தால் கதவு மூடும் முன்பே இடம் மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

ஓடுதளத்தில் வேகமெடுத்தபோது சிட்டு கத்தினாள், நீளமாக, அடிக்குரலில். குனிந்து வலைக்குள் ஒரு விரலை நுழைத்து வைத்திருந்தேன். மேலே ஏறிச் சமமாகப் பறக்க ஆரம்பித்ததும் மெல்ல நின்றுவிட்டது. பையின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டுவிட்டேன், காற்று வரும் பக்கம் மட்டும் திறந்திருந்தது. அதற்கப்புறம் பெரும்பாலும் தூங்கினாள். 1910 அக்டோபரில் வால்டர் வெல்மன் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளப்பிய அமெரிக்கா என்ற, வாயு நிரப்பிய வான்கப்பலில் கிட்டோ என்று ஒரு பூனை இருந்தது. புறப்பட்டதும் அது போட்ட கூச்சல் தாங்காமல், பையில் போட்டுக் கீழே தொடர்ந்து வந்த படகில் இறக்கிவிடப் பார்த்தார்கள். கடல் கொந்தளித்ததால் முடியவில்லை, திரும்ப மேலே இழுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கிட்டோ பழகிவிட்டது. வான்கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டவில்லை, ஆனால் வழியில் வந்த ஒரு கப்பல் ஆட்களையும் பூனையையும் பத்திரமாகக் காப்பாற்றிக் கரை சேர்த்தது. முதல் அரை மணி நேரம் பூனை கத்துவதைக் கேட்டு மனம் உடைகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், கொஞ்சம் பொறுங்கள்.

என்ன ஆனாலும் பையைத் திறக்காதீர்கள். பாவமாகத்தான் இருக்கும், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். விதி அனுமதிக்காது என்பது ஒரு பக்கம். விமானம் குலுங்கும் நேரத்தில் நகம் பதித்துப் பாய்ந்தால் எந்த இருக்கைக்கு அடியில் தேடுவீர்கள்? கழிப்பறைக்குள் பையைக் கொண்டுபோய்க் கதவைத் தாழிட்டுவிட்டு விரிப்பு மாற்றலாம், அவ்வளவுதான். கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது மாதிரி. ஆரோக்கியமான பூனைக்கு அது பிரச்சினை இல்லை, இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ள பூனையானால் டாக்டரிடம் கேட்காமல் ஏறாதீர்கள். காற்று மிக வறண்டிருக்கும், அதனால் ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டினேன், சில நேரம் நக்கினாள், சில நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இறங்கும்போது நமக்குக் காது அடைப்பது போல அதற்கும் அடைக்கும். அப்போது நக்கிச் சாப்பிடுகிற தின்பண்டத்தை விரலில் தடவி வலை வழியாகக் கொடுத்தேன். விழுங்கினால் அடைப்பு விடும்.

விமானம் மாறும் இடத்தில் பிராணிகளுக்கென்று ஓர் அறை இருந்தது. செயற்கைப் புல்லும் நாய் வாசனையுமாக இருந்த அந்த அறைக்குள் பூனை எதுவும் செய்யாது. அதற்குப் பதில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய கழிப்பறையில், ஆளில்லாத நேரமாகப் பார்த்து உள்ளே போய்த் தாழிட்டு, மடக்குத் தட்டில் கொஞ்சம் வீட்டு மணலைப் போட்டேன். சிட்டு வெளியே வந்து சுற்றிலும் முகர்ந்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போய்விட்டாள். அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வற்புறுத்தவில்லை. தட்டைக் காலி செய்து துடைத்துவிட்டு வந்தேன்.

போய்ச் சேர்ந்த நாட்டில் பூனை இருப்பதைச் சுங்கத்தில் தெரிவிக்க வேண்டும், அறிவிக்க ஒன்றும் இல்லை என்பவர்களுக்கான வழியாக வெளியேறக் கூடாது. சிப்பைக் கருவியால் படித்தார்கள், தாள்களைப் பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள். எனக்குப் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மூலத்தாள்களும் நகல்களும் தனித்தனி உறையில் இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

புது வீட்டுக்கு வந்ததும் பூனைக்கு முழு வீட்டையும் காட்டாதீர்கள். ஓர் அறை போதும். மணல் தொட்டியை ஒரு மூலையில், தண்ணீரையும் சாப்பாட்டையும் எதிர் மூலையில் வைத்து, பையை நடுவில் திறந்து வைத்துவிட்டு நானும் தரையில் படுத்துக்கொண்டேன். மணல், உணவு, கிண்ணம் எல்லாம் பழைய வீட்டில் இருந்த அதே வகை. அன்று இரவு முழுக்கப் பைக்குள்ளேயே இருந்தாள், விடியற்காலையில் மணலைக் கிளறும் சத்தம் கேட்டது. இரண்டு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒரு முழு நாளுக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள், இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறும், அது உயிருக்கே ஆபத்து. ஆண் பூனை தொட்டியில் போய்ப் போய் உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லையென்றால் காலைவரை காத்திருக்காதீர்கள், அடைப்பு ஏற்பட்டிருக்கலாம், மனஅழுத்தத்துக்குப் பிறகு இது வருவது உண்டு. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இரவில் திறந்திருக்கும் என்று கிளம்பும் முன்பே குறித்து வைத்திருந்தேன்.

ஜன்னல்களுக்கு வலை இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். அப்புறம், சிப் பதிவில் இன்னும் பழைய நாட்டுத் தொலைபேசி எண்தான் இருக்கும். சிப்புக்குள் முகவரி எதுவும் கிடையாது, வெறும் எண்தான். அந்த எண் எந்தப் பதிவேட்டில் இருக்கிறதோ அங்கே உங்கள் புது எண்ணை ஏற்றினால்தான் பூனையைக் கண்டெடுப்பவர் உங்களைக் கூப்பிட முடியும். புது சிம் வாங்கிய அன்றைக்கே நான் செய்த வேலை அது.